பருத்திக்கு உரம் எவ்வளவு, எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பலூர்ப் பக்கம் கரிசலில் பருத்தி போடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரு வருடம் பருத்தி, ஒரு வருடம் மக்காச்சோளம், கிணறு கைகொடுத்தால் கொஞ்சம் சின்ன வெங்காயம். விதைப்பு முடிந்த கையோடு சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போன் போட்டுக் கேட்பது எல்லாமே உரக் கேள்விகள்தான். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கணக்கெல்லாம் ஏக்கரில்தான் இருக்கும், ஹெக்டேரில் யோசிக்க நமக்கு வராது.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள், ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

பாசன வசதியுள்ள வீரிய ஒட்டுப் பருத்திக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுவான அளவு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 60 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 60 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்). ஏக்கருக்கு மாற்றினால் 48, 24, 24. மூட்டைக் கணக்கில் மணிச்சத்துக்கு டி.ஏ.பி. ஒன்று, தழைச்சத்துக்கு யூரியா இரண்டுக்குச் சற்றுக் குறைவு, சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 40 கிலோ. டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, அதனால் அந்த ஒரு மூட்டையிலேயே 9 கிலோ தழைச்சத்து வந்துவிடும். இதைக் கழிக்காமல் யூரியாவைத் தனியாக முழுக் கணக்குப் போட்டுவிடுவதுதான் முதல் தப்பு. வீரிய ஒட்டு இல்லாத ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 80, 40, 40 போதும் என்கிறார்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. மானாவாரிக்கு ஏறக்குறைய பாதிதான். எங்கள் பக்கத்தில் மானாவாரிக் காட்டுக்கும் பாசனக் காட்டு அளவையே போடுகிறவர்கள் நிறைய பேர். மழை இல்லாமல் அந்த யூரியாவைச் செடி எப்படிக் குடிக்கும் என்று கேட்டால் பதில் இருக்காது.

யூரியா மூட்டை 270 ரூபாய்கூட இல்லை. ஒரு மூட்டை கூடுதலாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

வருகிற கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

45 கிலோ யூரியா மூட்டை வரியெல்லாம் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்தியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7710 ரூபாய், அதாவது கிலோ 77 ரூபாய். அப்படியானால் ஒரு மூட்டை யூரியாவின் விலை மூன்றரைக் கிலோ பருத்திதான். நாலு கிலோ கூட வந்தாலே லாபம் என்று மனசு சொல்லும். கணக்கு என்னவோ சரிதான், அதனால்தான் ஆபத்து. உரத்தின் விலையே "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும், ஆனால் நம்மிடம் வாங்குகிற விலை அவ்வளவு குறைவு, அது ஒருநாளும் அப்படிச் சொல்லாது.

நட்டம் வேறு இடத்தில் வரும். சில வருடம் முன்பு ஒன்றரை ஏக்கரில் நானே நாலு மூட்டைக்கு மேல் போட்டேன். அந்த வருடம் மழையும் நன்றாக இருந்தது. செடி தோள் உயரத்துக்குக் கருகருவென்று வளர்ந்தது, பாதையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கீழ்க்கிளையில் வெயிலே படவில்லை, சப்பையும் (பூ மொட்டு) பிஞ்சும் மண்ணில் கொட்டிக் கிடந்தன. தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாக மருந்து அடித்தேன். பக்கத்துக் காட்டில் இரண்டாம் எடுப்பு ஓடும்போது எங்கள் காட்டில் காயே வெடிக்கவில்லை. பிறகு வெடித்ததும் ஒன்றாக வெடிக்கவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தது. எடுக்க வந்த பெண்கள், "இந்தக் காட்டில் கிலோ கணக்குக்கு எடுத்தால் எங்களுக்குக் கட்டாது, நாள்கூலி கொடுங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். காய் தள்ளிப்போனதில் கடைசியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் வந்து சேர்ந்தது.

உரக்கடையில் கூடுதலாகக் கொடுத்தது ஐநூறு ரூபாய்க்குள். மருந்துக்கும் தெளிப்புக் கூலிக்கும் எடுப்புக் கூலிக்கும் போனது அதைப்போலப் பல மடங்கு. உரச் செலவை உரக்கடை ரசீதை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், மருந்துக்கடை ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

யூரியாவுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம்?

தழைச்சத்து மிஞ்சினால் இலை சதைப்பற்றாக, மென்மையாக இருக்கும், சாற்றில் புரதக் கூறுகள் கூடும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் கரும்பச்சைக் காட்டைத் தேடி வந்து வேகமாகப் பெருகும். செடி அடர்ந்துவிட்டால் மருந்து அடி இலை வரை போய்ச் சேராது. பி.டி. விதைதானே (காய்ப்புழுவைத் தடுக்க மரபணு மாற்றிய விதை) போட்டிருக்கிறோம் என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். பி.டி. தடுப்பது காய்ப்புழுவை மட்டும்தான், சாறு உறிஞ்சுகிறவற்றை அது ஒன்றும் செய்யாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்போது அதற்கும் பழகிவிட்டது.

பி.டி. வந்துதான் மகசூல் கூடியது, அப்புறம் உரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களே?

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002-ல். 2007-08 வாக்கில் நாட்டின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 550 கிலோ பஞ்சு வரை ஏறியது. விதைதான் காரணம் என்று விதை விற்றவர்கள் சொன்னார்கள். நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கேசவ் கிராந்தியும் மானுடவியலாளர் கிளென் ஸ்டோனும் 2020-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மகசூல் ஏறிய அதே காலத்தில் உரப் பயன்பாடும் பெருகியது, பாசனமும் பூச்சி மருந்தும் மாறின, ஆகவே விதைக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

சரி, அப்படியானால் உரம் நல்லதுதானே? ஒரு கட்டம் வரை நல்லதுதான், நான் மறுக்கவில்லை. சத்தில்லாத காட்டில் முதல் மூட்டை கொடுக்கிற விளைச்சல் கண்கூடு. இரண்டாவது அதைவிடக் குறைவாகக் கொடுக்கும், நாலாவது ஒன்றும் கொடுக்காது, சில சமயம் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும். அந்த உச்சத்துக்குப் பிறகு நாட்டின் சராசரி இறங்கி, 2022-23-ல் 450 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. இத்தனைக்கும் யாரும் உரத்தைக் குறைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இலை சிவக்கிறது. யூரியா போட்டால் சரியாகிவிடுமா?

போடுவதற்கு முன் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி மட்டும் சிவந்திருந்தால், அதுவும் அடி இலையில் தொடங்கியிருந்தால், மக்னீசியக் குறைபாடு. அதற்கு மக்னீசியம் சல்பேட் தெளிக்க வேண்டும், யூரியா மட்டும் போட்டுப் பயனில்லை. இலை ஓரம் கீழ்ப்பக்கம் சுருண்டு விளிம்பு சிவந்தால் தத்துப்பூச்சி, இலையைத் திருப்பினால் பச்சையாகக் குறுக்கே ஓடும். மழை பெய்து தண்ணீர் நின்ற காட்டில் மொத்தமாக வெளுத்துச் சிவந்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். நிற்கிற தண்ணீரில் யூரியா வீசினால் அதில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகும். காய் பிடித்து முதிர்ந்த செடியில் பனிக்காலத்தில் சிவப்பது வயதுக் கோளாறு, விட்டுவிடலாம். இப்படி நாலு காரணம் இருக்க, கடையில் போய் "சிவக்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால் கையில் கொடுப்பது பெரும்பாலும் யூரியாதான், கூடவே கேட்காத ஒரு டப்பாவும்.

எப்போது போடுவது, எப்படிப் போடுவது?

முதல் ஒரு மாதம் பருத்திக்குப் பெரிய பசி இல்லை. சப்பை வைக்கத் தொடங்குவது முதல் காய் திரள்வது வரை, சுமாராக 45-ஆம் நாளிலிருந்து 90-ஆம் நாள் வரை, அதுதான் சாப்பிடுகிற காலம். வீரிய ஒட்டுக்கு அடியுரமாக ஒரு பங்கு, 45-ஆம் நாள் ஒரு பங்கு, 65-ஆம் நாள் ஒரு பங்கு என்று தழைச்சத்தைப் பிரிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். மணிச்சத்து மண்ணில் நகராது, அதை அடியிலேயே வேர்ப்பக்கம் கொடுத்துவிட வேண்டும். கரிசலில் சுண்ணாம்பு அதிகம், மணிச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும், அதனால் மேலே தூவுவது வீண்.

யூரியாவும் மேலே தூவுகிற சரக்கு இல்லை. நம் கரிசல் காரத்தன்மை கொண்டது, ஈர மண்ணின் மேல் யூரியா கிடந்தால் சில நாளில் அமோனியாவாகி ஆவியாகப் போய்விடும். செடிக்கு நாலு விரற்கடை தள்ளிக் குழி குத்தி, போட்டு, மண்ணால் மூடுங்கள். ஆள் கூலி கூடுதல்தான், நானும் முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுக்கிறேன். ஆனால் கூலியை மிச்சப்படுத்த வீசிவிட்டு, போன சத்துக்கு ஈடாக இன்னொரு மூட்டை வீசுவது எந்தக் கணக்கிலும் சேராது. சொட்டுநீர் இருந்தால் வேலை இன்னும் சுலபம், கரைத்துச் சிறுகச் சிறுக விடலாம். சிறு குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீர் அமைக்க முழு மானியம் இருக்கிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம்.

கிணற்றுத் தண்ணீர் கெடும் என்கிறார்கள். நாம் போடுகிற அளவுக்கு அது நடக்குமா?

நடக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. செடி எடுக்காத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 10 கிலோ தழைச்சத்து, அதாவது அரை மூட்டை யூரியாவில் இருப்பது, முழுக்க நைட்ரேட்டாக இறங்கினால் 44 கிலோ நைட்ரேட். சுத்தமான தண்ணீர் ஏறத்தாழ 10 லட்சம் லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுவர அது போதும். ஒரு ஏக்கரில் கூடுதலாகப் போட்ட அரை மூட்டை செய்யும் வேலை இது.

செம்மண்ணிலும் மணல் கலந்த மண்ணிலும் இது வேகமாக இறங்கும். கரிசல் களிமண், நீரைப் பிடித்து வைக்கும், அதனால் பயமில்லை என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்குமே, கைத்தடி முழுசாக இறங்கும், முதல் பெருமழை அந்த வெடிப்பு வழியாக நேராக ஆழத்துக்கு ஓடும். போன வருடத்து மிச்சத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஆபத்து முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு. அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாய்கிற நோய் வரலாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், காய்ச்சும்போது தண்ணீர் வற்றுமே தவிர நைட்ரேட் போகாது, செறிவுதான் கூடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, குடிப்பது காட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்றால் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

புவி வெப்பமாவதற்கும் பருத்திக் காட்டுக்கும் முடிச்சுப் போடுகிறார்களே, இது கொஞ்சம் ஓவராக இல்லையா?

ஓவர் இல்லை. மண்ணில் மிச்சப்படும் தழைச்சத்தில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாற்றும், தண்ணீர் தேங்கி நிற்கும்போது அதிகமாக. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். போட்ட தழைச்சத்தில் ஒரு சதவீதம் இப்படிப் போகிறது என்பது உலக அளவில் வைத்துக்கொள்ளும் பொதுக் கணக்கு. ஏக்கருக்கு 50 கிலோ என்றால் சுமார் 215 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது 90 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்ததுபோல. அந்தப் பெட்ரோலில் பைக்கில் பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு எட்டுத் தடவை போய்வந்துவிடலாம். யூரியாவை ஆலையில் செய்ய எரிகிற இயற்கை எரிவாயு இதில் சேரவில்லை.

இதற்காக உரமே போடாதே என்று கரிசல்காட்டு விவசாயியிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து. நகரத்தில் கார் ஓட்டுகிறவரைவிட இவர் விடுகிற புகை ஒன்றும் அதிகமில்லை. ஆனால் வீணாகப் போகிற பங்கால் நமக்கும் பயனில்லை, ஊருக்கும் பயனில்லை. அதைக் குறைப்பதில் யாருக்கும் நட்டம் கிடையாது.

யூரியா மட்டும் ஏன் இவ்வளவு மலிவு? பொட்டாஷ் ஏன் எட்டாத விலை?

2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் (சத்துக்கு இவ்வளவு என்று மானியத்தை மட்டும் நிர்ணயித்து, விற்பனை விலையைக் கம்பெனிகளிடம் விடுவது) கொண்டுவந்தபோது டி.ஏ.பி., பொட்டாஷ் எல்லாம் அதற்குள் போயின, யூரியா மட்டும் வெளியே நின்றது. அதன் விலையை அரசே கட்டிப்போட்டிருக்கிறது. 2022-23-ல் உர மானியத்துக்கு மட்டும் மத்திய அரசு சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் செலவழித்தது. பொட்டாஷ் நம் நாட்டில் கிடையாது, முழுக்க இறக்குமதி, மூட்டை 1500 ரூபாய்க்கு மேல். விளைவு, மலிவானதை அள்ளிப் போட்டு, விலை கூடியதை விட்டுவிடுகிறோம். காய் திரளவும் செடி வறட்சியைத் தாங்கவும் வேண்டியது பொட்டாஷ்தான். என்னைக் கேட்டால் மூன்றாவது யூரியா மூட்டைக்கான காசை அரை மூட்டைப் பொட்டாஷின் விலையில் சேர்த்துவிடுவேன்.

மண் பரிசோதனை உண்மையிலேயே உதவுமா, சும்மா அட்டைதானா?

மாதிரி ஒழுங்காக எடுத்தால் உதவும். மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் தொடங்கியது. வீட்டில் ஒரு அட்டை இருக்கும், ஆனால் அதற்கான மண் யார் காட்டில் எடுத்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாத கதையும் உண்டு. நீங்களே எடுங்கள். பருத்தி வேர் ஆழமாகப் போகும், அதனால் ஒன்பது அங்குலம் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துபோலக் குழி வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடம், குறுக்கும் நெடுக்குமாக. வரப்போரம், மர நிழல், எரு கொட்டிய இடம் வேண்டாம். கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் காட்டில் வெங்காயம் போட்ட வருடத்துக்கு அடுத்து எடுத்ததில் மணிச்சத்து ஏற்கனவே அதிகம் என்று வந்தது. அந்த வருடம் டி.ஏ.பி.யைப் பாதியாக்கினேன், விளைச்சலில் வித்தியாசமே தெரியவில்லை. டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய், சும்மா வந்த மிச்சம்.

பேசாமல் இயற்கை விவசாயத்துக்கு மாறிவிடலாமா?

மாறலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். 2021-ல் இலங்கையில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள், சில மாதத்திலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குள் நெல்லும் தேயிலையும் அடிவாங்கிவிட்டன. அங்கே தப்பு இயற்கை உரத்தில் இல்லை, அவசரத்தில் இருந்தது. மாற்று எருவே கையில் இல்லாமல் இருந்ததை நிறுத்தினார்கள்.

பருத்திக்கென்றே நடந்த நல்ல பரிசோதனை மத்தியப் பிரதேசம் கார்கோன் மாவட்டத்தில், சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் துணையோடு 2007-ல் தொடங்கியது. கரிசல் மண்தான், பருத்தி, சோயா, கோதுமை என்று மாற்றிப் பயிர் செய்தார்கள். முதல் இரண்டு வருடம் இயற்கைப் பருத்தியின் மகசூல் முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் வித்தியாசம் மறைந்தது, செலவோ இயற்கை முறையில் தெளிவாகக் குறைவு. அதாவது அந்த முதல் இரண்டு வருடத்தைத் தாண்டக் கையில் காசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடன் வாங்கி விதைக்கிறவருக்கு இந்த அறிவுரையைச் சொல்ல எனக்கு வாய் வராது.

விதை இன்னொரு சிக்கல். சான்றிதழ் பெற்ற இயற்கைப் பருத்தியில் பி.டி. கூடாது, சந்தையிலோ பி.டி. இல்லாத விதை கிடைப்பதே பாடு. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கருங்கண்ணி மாதிரி நாட்டுப் பருத்திகள் மானாவாரிக் கரிசலுக்கே பிறந்தவை, உரமும் மருந்தும் அதிகம் கேட்காது. ஆனால் இழை குட்டை, நூற்பாலைகள் நீள இழைதான் கேட்கின்றன. வாங்க ஆள் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறது, நாங்கள் அதில்தான் இருக்கிறோம். ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழு உரம் கிடைத்த வருடம் போடுவது, வரிசைக்கு நடுவே உளுந்து போடுவது, யூரியாவை முதலில் கால் பங்கு குறைத்துப் பார்ப்பது. குறைப்பதை முழுக் காட்டிலும் செய்யாதீர்கள், ஆறு வரிசையில் செய்து அந்த ஆறு வரிசைப் பருத்தியைத் தனியாக எடை போடுங்கள். நான் சொல்வதை நம்புவதைவிட உங்கள் தராசை நம்புவது நல்லது.

நானோ யூரியா பாட்டில் ஒன்று மூட்டைக்குச் சமமாமே?

இலையில் தெளிக்கிற இந்தத் திரவ யூரியா 2021-ல் வந்தபோது ஒரு மூட்டைக்கு மாற்று என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அரை லிட்டர் பாட்டிலில் இருந்த தழைச்சத்து 20 கிராம், மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். இலை வழியாகக் கொடுப்பது வீணாகாது என்பது உண்மை, அதற்காக ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை அது ஈடுகட்டும் என்று நம்ப எனக்கு முடியவில்லை. கடையில் மூட்டையோடு சேர்த்துத் தலையில் கட்டினால் தெளித்துக்கொள்ளுங்கள், மூட்டையின் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

பருத்திமாரை (எடுப்பு முடிந்து நிற்கும் செடித்தண்டை) எரித்துவிடலாமா, காட்டிலேயே விடலாமா?

எரித்தால் மாரில் இருக்கும் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போய்விடும், கரிமமும் போகும். அப்படியே நிற்கவிட்டால் வெடிக்காத காய்க்குள் இருக்கும் இளஞ்சிவப்புப் புழு அடுத்த பட்டத்துக்குப் பத்திரமாக வந்து சேரும். கடைசி எடுப்பு முடிந்ததும் ஆடுகளை விட்டு மேயவிடுங்கள், மிச்சக் காயைத் தின்றுவிடும், புழுக்கையும் காட்டிலேயே விழும். அதன் பிறகு டிராக்டரில் மாட்டும் துகளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் மாரைப் பொடித்து உழுதுவிடலாம், கோடை உழவோடு மக்கிவிடும். கருவி கிடைக்காத ஊரில் பிடுங்கி அடுப்புக்கு எடுத்துப் போங்கள், ஆனால் காட்டோரத்தில் போராக அடுக்கி வைக்க வேண்டாம், புழு அங்கிருந்துதான் திரும்பி வரும்.